வந்து வந்து போகும் லைன்

வீட்டுக்குள் இரண்டு மூன்று கணினிகளை இணைத்து வைத்திருப்பவர்களுக்கு வரும் தொல்லைகளை இரண்டாகப் பிரித்துவிடலாம். ஒன்று, இணைப்பு ஒரேயடியாகக் கிடைக்காமலே இருப்பது. மற்றது, கிடைப்பதும் அறுவதுமாக இருப்பது. முதலாவது பெரிய தொல்லை இல்லை. ஏதோ ஒரு செட்டிங் தப்பு. கண்டுபிடித்துச் சரிசெய்தால் அதோடு முடிந்தது. இரண்டாவதுதான் உயிரை வாங்கும். காலையில் ஓடும், மதியம் நின்றுவிடும், சர்வீஸ் பையன் வந்து உட்கார்ந்ததும் சமர்த்தாக ஓடும், அவன் பைக் தெருமுனை தாண்டியதும் மறுபடி அறும்.

இந்த இரண்டாவது வகைக்கு ஒரு விதியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். காலையில் சரியாக இருந்த செட்டிங் மதியம் தானாகத் தப்பாகிவிடாது. மாறுவது கரண்ட், சூடு, கம்பியின் பிடிப்பு, காற்றிலுள்ள சிக்னல். அப்படியும் இல்லையென்றால், ஒரே வேலைக்கு இரண்டு கருவிகள் போட்டியிட்டு இன்று ஒன்றும் நாளை மற்றொன்றும் ஜெயிக்கின்றன. ஆகவே விட்டு விட்டு வரும் கோளாறைத் தேட முதலில் குனிய வேண்டிய இடம் மேசைக்கு அடியில். "அண்ணே, ஒருதடவ ஃபார்மட் அடிச்சுப் பாத்துருவமா?" என்று யாராவது கேட்டால், "இருப்பா, மொதல்ல கேபிளப் பாப்போம்" என்று சொல்லிவிடுங்கள். பழைய கணினியை ஃபார்மட் அடித்தால் போவது வெறும் விண்டோஸ் மட்டுமல்ல. அதன் டிரைவர் சிடி இன்று எங்கே கிடைக்கும்?

கோச்சடையில், மேலக்கால் மெயின் ரோட்டிலிருந்து வைகைப் பக்கம் இறங்கும் தெருக்களில் ஒரு மாடி வீடு என்று வைத்துக்கொள்வோம். கீழே முன்னறையில் கல்யாணப் பத்திரிகையும் நோட்டீஸும் வடிவமைக்கும் டெஸ்க்டாப். விண்டோஸ் எக்ஸ்பி, பேஜ்மேக்கர் 7, யூனிகோடுக்கு முந்திய தமிழ் எழுத்துருக்கள். அந்த எழுத்துருக்களில் செய்த வேலைகள் வருடக்கணக்கில் அதற்குள் கிடப்பதால் அதைத் தூக்கிப்போட முடியாது. மாடியில் மகள் பிளஸ் டூ படித்தபோது பள்ளியில் கொடுத்த விலையில்லா மடிக்கணினி. 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிய அந்தத் திட்டத்துக்கு எல்காட் நிறுவனம்தான் கொள்முதல் செய்தது. முதல் சில ஆண்டுகளில் வந்தவற்றில் விண்டோஸ் 7 இருந்தது, பலவற்றில் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் கூடவே இருந்தது. பேட்டரி செத்துப்போய் இப்போது சார்ஜர் சொருகினால்தான் உயிர். மூன்றாவதாக, மகன் வாங்கிய விண்டோஸ் 11 லேப்டாப். ஃபைபர் மோடம் ஹாலில் டிவிக்கு மேலே. இந்த அத்தியாயத்தில் சொல்லும் எல்லாக் கோளாறும் ஒரே வீட்டுக்கு வராது. இந்த வீட்டுக்கு மட்டும் வரட்டும்.

முதலில் ஒரு நோட்டு

லைன் அறும் ஒவ்வொரு முறையும் நேரத்தையும், அப்போது வீட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதையும் எழுதுங்கள். காலண்டர் தாளின் பின்பக்கம் போதும். ஒரு வாரத்தில் பாதி விடை அதிலேயே இருக்கும்.

காலை ஆறரைக்கும் மாலை ஐந்துக்கும் தவறாமல் அறுகிறதா? போர் மோட்டார் போடும் நேரம் அதுவா என்று பாருங்கள். மோட்டார் கிளம்பும் கணத்தில் இழுக்கும் கரண்ட், ஓடும்போது இழுப்பதைவிடப் பல மடங்கு. வோல்டேஜ் ஒரு நொடி இறங்கும், டியூப்லைட் சிமிட்டும். டெஸ்க்டாப்பின் எஸ்எம்பிஎஸ் அந்த நொடியைத் தாங்கிவிடும். மோடத்துக்கும் ஸ்விட்சுக்கும் கரண்ட் கொடுக்கும் பழைய அடாப்டர் தாங்காது. மோடம் அணைந்து எழுந்து மறுபடி ஃபைபர் சிக்னலைப் பிடிக்க ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். கணினியில் உட்கார்ந்திருப்பவர் பார்ப்பது "நெட்வொர்க் போச்சு" என்பதை மட்டும்தான்.

கரண்ட் போகும்போதெல்லாம் அறுகிறதா? கணினி யூபிஎஸ்ஸில் இருக்கும், மாடிப்படி மூலையில் ஆணியில் தொங்கும் ஐந்து போர்ட் ஸ்விட்ச் சாதாரண பிளக்கில் இருக்கும். இதைவிடச் சாதாரணமான காரணம் வேறில்லை, இதைவிடக் குறைவாகக் கவனிக்கப்படுவதும் வேறில்லை. மோடம், ஸ்விட்ச் இரண்டையும் இன்வெர்ட்டர் லைனுக்கு மாற்றுங்கள்.

சித்திரை, வைகாசி மதியங்களில் மட்டும் அறுகிறதா? மதுரையில் அந்த மாதங்களில் வெளியே 40 டிகிரி சாதாரணம். மூடிய ஷெல்ஃபுக்குள், செட்டாப் பாக்ஸின் தலைமேல் உட்கார்ந்திருக்கும் மோடத்துக்கு அதைவிட அதிகம். அதைச் சுவரில், காற்றுப்படும் இடத்தில் மாட்டுங்கள். ஃபேன் காற்று பட்டால் இன்னும் நல்லது. சூட்டில் முதலில் தளர்வது அடாப்டருக்குள் இருக்கும் கெப்பாசிட்டர்கள். எக்ஸ்பி டெஸ்க்டாப்பையும் திறந்து பாருங்கள். 2000-களின் தொடக்கத்தில் வந்த பல மதர்போர்டுகளில் கெப்பாசிட்டர்கள் தலை உப்பி, பழுப்பாகக் கசிவது உலகம் முழுவதும் பேர்போன கோளாறு. உப்பியது ஒன்றே ஒன்று இருந்தாலும் மற்ற சோதனைகளை நிறுத்திவிட்டு அதை மாற்றுங்கள்.

அடாப்டரை மாற்றும்போது ஓர் எச்சரிக்கை. ஒரே மாதிரி உருண்டைப் பின் இருந்தால் ஒரே அடாப்டர் என்று அர்த்தமில்லை. சின்ன ஸ்விட்சுகள் பல 5 வோல்ட், மோடங்கள் பல 12 வோல்ட். மாற்றிச் சொருகினால் ஸ்விட்ச் அங்கேயே போய்விடும். லேபிளில் வோல்ட் அதே எண்ணாக இருக்கவேண்டும், ஆம்பியர் அதே அளவோ கூடுதலோ இருக்கலாம், உள்முனை பிளஸ்ஸா மைனஸா என்ற படமும் ஒத்துப்போக வேண்டும்.

கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று அடிக்கிறது, டெஸ்டர் வைத்தால் மங்கலாக எரிகிறது என்றால் வீட்டில் எர்த் இல்லை, அல்லது அந்த பிளக் வரை வரவில்லை. எஸ்எம்பிஎஸ்ஸின் நுழைவாயிலில் இருக்கும் வடிகட்டி, எர்த் இல்லாதபோது கேபினெட்டைப் பாதி மெயின் வோல்டேஜ் அளவுக்குத் தூக்கிவைத்துவிடும். அதில் பாயும் கரண்ட் சிறிதுதான். ஆனால் பிரிண்டர் கேபிளைச் சொருகும் நேரத்தில் போர்ட்டைக் கெடுக்க அது போதும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே அளக்கச் சொல்லுங்கள். 230-க்குப் பக்கத்தில் காட்டவேண்டும். இதை நீங்களே செய்து பார்க்க வேண்டாம்.

பிங் சொல்லும் கதை

நோட்டில் விடை கிடைக்காதவர்களுக்கு அடுத்த கருவி பிங். எக்ஸ்பியிலும் 7-லும் 11-லும் ஒரே மாதிரி இருக்கும் கட்டளை. கறுப்புத் திரையை (கமாண்ட் பிராம்ப்ட்) திறந்து, ஆங்கிலத்தில் பிங் என்று அடித்து, இடைவெளி விட்டு மோடத்தின் முகவரியை, பெரும்பாலும் 192.168.1.1, அடியுங்கள். மறுபடி இடைவெளி விட்டு, கழித்தல் குறியும் டி எழுத்தும் சேர்த்தால் நிறுத்தும்வரை ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்கு நேரடியாக பிங் அடித்துத் தொடங்காதீர்கள். 2004-ல் வந்த சர்வீஸ் பேக் 2-லிருந்து எக்ஸ்பியிலும் ஃபயர்வால் தானாகவே இயங்குகிறது. புது விண்டோஸிலும் அப்படித்தான். பதில் வராவிட்டால் ஃபயர்வாலா கேபிளா என்று தெரியாது. மோடம் பதில் சொல்லாமல் இருக்காது. மூன்று கணினிகளிலிருந்தும் தனித்தனியாக மோடத்தை பிங் அடியுங்கள். எது தடுமாறுகிறதோ அந்தக் கால்தான் நொண்டி.

கேபிள் வழியாக என்றால் பதில் 1 மில்லி விநாடிக்குள் வரவேண்டும். வைஃபையில் சில மில்லி விநாடிகள் ஆகலாம். விடுபட்ட ஒவ்வொரு பிங்குக்கும் விண்டோஸ் 4 விநாடி காத்திருக்கும் என்பதால், 'டைம்டு அவுட்' வரிகளை எண்ணினால் எவ்வளவு நேரம் லைன் இல்லை என்று தெரியும். 20 வரி தொடர்ச்சியாக என்றால் மோடமோ ஸ்விட்சோ அணைந்து எழுந்திருக்கிறது. அங்கொன்றும் இங்கொன்றுமாக என்றால் கேபிள் அல்லது வைஃபை. விண்டோஸ் 7-ல் 'ஜெனரல் ஃபெயிலியர்' என்று வந்தால் அந்தக் கணத்தில் உங்கள் கணினியின் ஜாக்கிலேயே இணைப்பு அறுந்திருக்கிறது; அந்தக் கேபிளையும் அது போய்ச் சேரும் ஸ்விட்சையும் பாருங்கள்.

சாதாரண பிங் 32 பைட் மட்டுமே அனுப்பும். அது சுத்தமாகப் போய்வந்தால் கேபிள் நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்டாதீர்கள். கழித்தல் குறி, எல் எழுத்து, 1400 என்று சேர்த்துப் பெரிய பொட்டலமாக அனுப்பிப் பாருங்கள். சின்னது போய்ப் பெரியது தவறினால், அடுத்த பகுதி உங்களுக்காகத்தான்.

கேபிள்

வீட்டு நெட்வொர்க்கில் நான் அதிகம் சந்தேகப்படுவது இதைத்தான். கேபிள் போட்டவர் போய்ப் பல வருடம் ஆகியிருக்கும். கீழிருந்து மாடிக்கு வெளிச்சுவர் வழியாக ஏற்றியிருப்பார். வீட்டுக்குள் போடும் சாம்பல் நிறக் கேபிளின் தோல் மதுரை வெயிலில் சில வருடங்களிலேயே வெடித்துவிடும். ஐப்பசி மழைத் தண்ணீர் அதற்குள் இறங்கும். மழைக்காலத்தில் அறுந்து தை மாதத்தில் சரியாகிவிடும் இணைப்புகளின் ரகசியம் இதுதான். அணிலும் எலியும் தங்கள் பங்கைச் செய்யும். வெளியே போட்டே ஆகவேண்டுமென்றால் வெயில் தாங்கும் கறுப்புத் தோல் கேபிள் என்று கேட்டு வாங்கி, பைப்புக்குள் விட்டு இழுங்கள்.

வாங்கும்போது இன்னொன்று. டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் கடைகளில் கேட்-6 என்று அச்சடித்த மலிவான கேபிள் கிடைக்கும். எடை குறைவாக இருந்தால், நகத்தால் கம்பியைச் சுரண்டிப் பாருங்கள். மேலே செம்பு நிறம் போய் உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது அலுமினியத்தில் செம்பு பூசியது. வளைத்த இடத்தில் முறியும், ஜாக்கின் பிடியில் தளரும். முழுச் செம்பு என்று கேட்டு, பார்த்து வாங்குங்கள்.

இப்போது ஜாக்கைக் கையில் எடுங்கள். கிளிப் கீழே இருக்கட்டும், தங்க நிறப் பட்டைகள் உங்களைப் பார்க்கட்டும், கேபிள் நுழையும் வாய் உங்கள் பக்கம். இடமிருந்து வலமாக இப்படி இருக்கவேண்டும்: ஆரஞ்சு-வெள்ளை, ஆரஞ்சு, பச்சை-வெள்ளை, நீலம், நீலம்-வெள்ளை, பச்சை, பழுப்பு-வெள்ளை, பழுப்பு. பச்சை ஜோடி மட்டும் பிரிந்து, நடுவில் நீல ஜோடியை வைத்துக்கொண்டு 3-லும் 6-லும் உட்கார்ந்திருப்பதைக் கவனியுங்கள். அதுதான் முக்கியம். 100 மெகாபிட் இணைப்பு பயன்படுத்துவது 1, 2 ஒரு ஜோடி, 3, 6 ஒரு ஜோடி, அவ்வளவுதான். ஒவ்வொரு ஜோடியும் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு போவதால்தான் வெளி இரைச்சல் அதில் ஏறாமல் ரத்தாகிறது.

சிலர் அழகுக்காக ஆரஞ்சு ஜோடி, பச்சை ஜோடி, நீல ஜோடி, பழுப்பு ஜோடி என்று வரிசையாக இரண்டு முனையிலும் ஒரே மாதிரி அடித்துவிடுவார்கள். கேபிள் டெஸ்டரில் எட்டு விளக்கும் வரிசையாக எரியும், காரணம் அது ஒவ்வொரு கம்பியும் மறுமுனைக்குப் போகிறதா என்று மட்டுமே பார்க்கும். ஆனால் 3-ம் 6-ம் இப்போது வெவ்வேறு முறுக்கைச் சேர்ந்தவை. இரண்டு மீட்டர் கேபிளில் இது தெரியாது. மாடிவரை போகும் முப்பது மீட்டரில் சின்னப் பொட்டலம் போகும், பெரிய ஃபைல் திணறும். டெஸ்டர் பச்சை காட்டியது என்று யார் சொன்னாலும் நிறத்தை நீங்களே கண்ணால் பாருங்கள்.

அதோடு, கேபிளின் வெளித்தோல் ஜாக்கின் வாய்க்குள் நுழைந்து பிளாஸ்டிக் ஆப்பின் பிடியில் இருக்கிறதா என்றும் பாருங்கள். தோல் வெளியே நின்று வெறும் எட்டுக் கம்பி மட்டும் உள்ளே போயிருந்தால், கூட்டிப் பெருக்கும்போது துடைப்பம் பட்டாலே லைன் அறும். முறுக்கைப் பிரிப்பது அரை அங்குலத்துக்கு மேல் வேண்டாம். ஜாக்கைப் புதிதாக அடிப்பது பழையதை ஆராய்வதைவிடச் சுலபம், செலவும் மிகக் குறைவு. சந்தேகமிருந்தால் வெட்டிவிட்டு அடித்துவிடுங்கள்.

பழைய டெஸ்க்டாப்பில் லான் கார்டு தனியாகச் சொருகியிருந்தால் (அந்தக் காலத்தில் எங்கு பார்த்தாலும் ரியல்டெக் 8139 சிப் வைத்த கார்டுதான்) பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கார்டைக் கழற்றி, அதன் தங்க விளிம்பைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்துத் துடைத்து, ஸ்லாட்டை மாற்றிச் சொருகுங்கள். சர்வீஸ் ஆட்கள் எல்லாரும் செய்யும் இந்த வைத்தியம் மூடநம்பிக்கை அல்ல.

ஸ்விட்ச் புதிது, கம்பி பழையது

"நல்லா ஓடிக்கிட்டிருந்துச்சு, புது ஸ்விட்ச் மாட்டின நாள்லேருந்து தகராறு" என்பவர்கள் புது ஸ்விட்சைக் கடையில் திருப்பிக் கொடுக்கும் முன் இதைப் படிக்கவும். எட்டுக் கம்பியில் நாலே போதும் என்பதால், மிச்ச நாலில் இன்டர்காமையோ இன்னொரு கணினியையோ ஓட்டும் வழக்கம் நம் ஊரில் உண்டு. 10/100 ஸ்விட்ச் இருந்தவரை அதில் குறையே தெரியாது. 1999-ல் தரப்படுத்தப்பட்ட ஜிகாபிட்டுக்கு நாலு ஜோடியும் வேண்டும். வேகம் எவ்வளவு என்று கணினியும் ஸ்விட்சும் முதலில் பேசிக்கொள்வது பழைய இரண்டு ஜோடியில். இரண்டும் ஜிகாபிட் கருவிகள் என்றால் "ஜிகாபிட்டில் போவோம்" என்று ஒத்துக்கொள்ளும், போகப் பார்த்தால் பாதிக் கம்பி இல்லை, அறும், மறுபடி பேசும், மறுபடி ஒத்துக்கொள்ளும். ஸ்விட்ச் விளக்கு சில விநாடிக்கு ஒருமுறை எரிந்து அணைவதைப் பார்க்கலாம். சில கருவிகள் தாமாக 100-க்கு இறங்கிக்கொள்ளும், சில இறங்காது. எட்டுக் கம்பியையும் அடியுங்கள், அல்லது அந்த அறைக்குப் பழைய 10/100 ஸ்விட்சையே திரும்ப மாட்டுங்கள். பேஜ்மேக்கர் ஃபைலுக்கு 100 தாராளம்.

இங்கே பலர் செய்யும் குறுக்குவழி ஒன்று ஆபத்தானது. லான் கார்டின் பண்புகளுக்குள் போய் '100 ஃபுல் டூப்ளெக்ஸ்' என்று பூட்டிவிடுவது. ஒரு பக்கம் பூட்டி மறுபக்கம் ஆட்டோவில் இருந்தால், ஆட்டோ பக்கம் வேகத்தைச் சரியாக உணரும்; ஆனால் எதிர்ப்பக்கம் பேச மறுப்பதால் ஹாஃப் டூப்ளெக்ஸ் என்று எடுத்துக்கொள்ளும். ஒருவர் கேட்டுக்கொண்டே பேசுவார், மற்றவர் எதிராளி பேசினாலே நிறுத்திவிட்டு முதலிலிருந்து தொடங்குவார். பிங் ஓடும். 20 எம்பி ஃபைலை இழுத்தால் நத்தை. முன்பு யாரோ பூட்டிவைத்ததை ஆட்டோவுக்குத் திருப்பினாலே தீர்ந்த வழக்குகள் ஏராளம்.

பூட்டித்தான் பார்க்க வேண்டுமென்றால் பாதுகாப்பானது '10 ஹாஃப் டூப்ளெக்ஸ்'. ஆட்டோ பக்கமும் தானாக அதே ஹாஃபுக்கு வந்துவிடும் என்பதால் முரண்பாடு வராது. 10-க்கு இறக்கியதும் கோளாறு மறைந்தால், குற்றவாளி கேபிள். புதுக் கேபிள் போடும்வரை அப்படியே ஓட்டலாம், விநாடிக்கு 1 எம்பி அளவுக்குக் கிடைக்கும்.

ஒரே நாற்காலிக்கு இரண்டு பேர்

ஃபைபர் வந்ததும் பழைய வைஃபை ரவுட்டரைத் தூக்கிப்போட மனம் வராது. மாடியில் சிக்னல் இல்லை என்று அங்கே கொண்டுபோய் மாட்டுவோம். இரண்டு விதமாக மாட்டலாம், இரண்டிலும் வம்பு உண்டு.

மோடத்திலிருந்து வரும் கேபிளை ரவுட்டரின் வேன் போர்ட்டில் சொருகினால், மாடி தனி நெட்வொர்க் ஆகிவிடும். கீழே 192.168.1 வரிசை, மேலே 192.168.0 வரிசை. இருவருக்கும் யூடியூப் ஓடும். ஆனால் மேலே இருப்பது கீழே இருப்பவருக்குத் தெரியாது. லேப்டாப் சில நேரம் ஹால் வைஃபையையும் சில நேரம் மாடி வைஃபையையும் பிடிப்பதால், பிரிண்டர் "சில நேரம்" வரும்.

லான் போர்ட்டில் சொருகினால் எல்லாரும் ஒரே நெட்வொர்க். ஆனால் முகவரி கொடுக்கும் டிஹெச்சிபி வேலையை மோடமும் ரவுட்டரும் இரண்டுமே செய்யும். கணினி எழுந்து "எனக்கொரு முகவரி" என்று கேட்கும்போது யார் முந்திப் பதில் சொல்கிறாரோ அவர் கொடுத்ததுதான். ரவுட்டர் முந்தினால் வாசல் முகவரி (டிஃபால்ட் கேட்வே) தப்பாகிவிடும், நெட் இருக்காது. ரீஸ்டார்ட் செய்தால் மோடம் முந்தும், சரியாகிவிடும். "ரீஸ்டார்ட் பண்ணா சரியாயிடுது" என்பவர்கள் வீட்டில் நான் முதலில் தேடுவது இந்த இரண்டாவது ரவுட்டரை. கறுப்புத் திரையில் ஐபிகான்ஃபிக் கட்டளையோடு சாய்கோடும் ஆல் என்ற சொல்லும் சேர்த்தால், டிஹெச்சிபி சர்வர் என்ற வரியில் கொடுத்தவர் யாரென்று இருக்கும். அறுந்தபோது ஒன்று, ஓடும்போது வேறு என்றால் சந்தேகமே வேண்டாம்.

தீர்வு சுலபம். பழைய ரவுட்டரைத் தனியாக ஒரு கணினியோடு இணைத்து, அதன் முகவரியை 192.168.1.2 என்று மாற்றி, டிஹெச்சிபியை அணைத்துவிடுங்கள். பிறகு மோடத்தின் லானிலிருந்து அதன் லானுக்குக் கேபிள். வேன் போர்ட் காலியாகவே இருக்கட்டும்.

பழைய கணினிகளுக்கு நிலையான முகவரி கொடுத்துவிடுவது நல்ல பழக்கம். மோடம் 100 முதல் 200 வரை வினியோகிக்கட்டும், எக்ஸ்பிக்கு 192.168.1.50, மடிக்கணினிக்கு 51. வினியோக எல்லைக்கு உள்ளே இருக்கும் எண்ணைக் கொடுத்தால், என்றைக்கோ விருந்தாளியின் போனுக்கு அதே எண் போய் முகவரி மோதல் வரும். 169.254 என்று தொடங்கும் முகவரி தெரிந்தால், கணினி கேட்டும் யாருமே கொடுக்கவில்லை என்று பொருள். மறுபடி கேபிளுக்குப் போங்கள்.

வைஃபை பற்றிச் சுருக்கமாக

பழைய கணினியைக் கேபிளில் இணைக்க முடிந்தால் வைஃபையே வேண்டாம். முடியாதவர்களுக்கு மட்டும் இது.

மேலே ஒரு விதி சொன்னேன், செட்டிங் தானாக மாறாது என்று. அதற்கு விலக்கு இரண்டு. முதல் விலக்கு வைஃபை சேனல். 'ஆட்டோ'வில் இருக்கும் மோடம், அக்கம்பக்கத்து நெரிசலைப் பார்த்து இடம் மாறிக்கொண்டே இருக்கும். இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸில் 13 சேனல் உண்டு. அமெரிக்காவை மனத்தில் வைத்துச் செய்த பழைய கார்டுகள் 11-ஐத் தாண்டிப் பார்ப்பதில்லை. மோடம் 13-க்குப் போன நாளில் உங்கள் வைஃபை பெயரே அந்தக் கணினியின் பட்டியலில் இருக்காது, போனில் மட்டும் ஜம்மென்று தெரியும். சேனலை 1, 6, 11 ஆகிய மூன்றில் ஒன்றில் பூட்டிவிடுங்கள். அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸ் என்று வையுங்கள். இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால் பிரித்து, 2.4-க்குத் தனிப் பெயர் கொடுங்கள். பாதுகாப்பு டபிள்யூபிஏ 2. 3-ஐக் கட்டாயமாக்கினால் பழையவை உள்ளே வரமுடியாது. வைஃபை 6 மோடம் என்றால், பழைய டிரைவர் உள்ள சில இன்டெல் கார்டுகளுக்கு அந்த வைஃபை கண்ணுக்கே தெரியாது. டிரைவரைப் புதுப்பியுங்கள், அல்லது 2.4-ல் அந்த வசதியை அணையுங்கள்.

எக்ஸ்பியும் விண்டோஸ் 11-ம்

கேபிள் சரி, முகவரி சரி, பிங் சுத்தம். ஆனாலும் நெட்வொர்க் பட்டியலில் எக்ஸ்பி கணினி தெரிவதும் மறைவதுமாக இருக்கிறதா? அந்தப் பட்டியலை நம்பாதீர்கள். பழைய முறையில் ஒவ்வொரு கணினியும் 12 நிமிடத்துக்கு ஒருமுறை "நான் இருக்கிறேன்" என்று கூவும். மூன்று முறை கூவாவிட்டால்தான் பட்டியலிலிருந்து எடுப்பார்கள். அணைத்த கணினி 36 நிமிடம் உயிரோடு இருப்பதாகக் காட்டுவது அதனால்தான். பெயரைக் கிளிக் செய்வதை விட்டுவிட்டு, இரண்டு பின்சாய்கோடு போட்டு 192.168.1.50 என்று நேரே அடியுங்கள்.

அதுவும் வராவிட்டால் காரணம் எஸ்எம்பி 1. ஃபைல் பகிர எக்ஸ்பிக்குத் தெரிந்த ஒரே பேச்சு அது. 2017 மே மாதம் வானாக்ரை என்ற பணம் பறிக்கும் வைரஸ் உலகம் முழுக்கப் பரவியது இந்த எஸ்எம்பி 1-ன் ஓட்டை வழியாகத்தான். அந்த ஆண்டு அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து புதிதாக நிறுவும்போது அது தானாக வருவதில்லை. கண்ட்ரோல் பேனலில் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் பட்டியலில் டிக் அடித்தால் வரும். ஆனால் கணினி ஓடும் நேரத்தில் மொத்தம் 15 நாள் அதைப் பயன்படுத்தாமல் விட்டால் விண்டோஸே அதைக் கழற்றிவிடும். இதுதான் இரண்டாவது விலக்கு. போன மாதம் ஓடியது, இந்த மாதம் ஓடவில்லை என்று மண்டையைப் பிய்த்துக்கொள்பவர்களுக்கு விடை இதுவாக இருக்கலாம்.

கழறாமல் தடுக்க அதே பட்டியலில் வழி உண்டு. நான் பரிந்துரைப்பது வேறு. மாடியில் இருக்கும் அந்த அரசு மடிக்கணினியை நடுவில் வையுங்கள். விண்டோஸ் 7-க்கு எஸ்எம்பி 1-ம் தெரியும், 2-ம் தெரியும். அதில் ஒரு ஃபோல்டரைப் பகிருங்கள். எக்ஸ்பி தன் பழைய பேச்சில் அங்கே பத்திரிகையைப் போடும். புது லேப்டாப் தன் பேச்சில் அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். புது லேப்டாப்பில் ஓட்டையைத் திறக்கவே வேண்டாம். மடிக்கணினியில் கடவுச்சொல்லோடு ஒரு பயனர் கணக்கு உருவாக்கி, அந்தப் பெயரிலேயே மற்ற இரண்டும் நுழையட்டும். கடவுச்சொல் இல்லாத பகிர்வைப் புது விண்டோஸ் 11 பெரும்பாலும் ஏற்காது. மூடியை மூடினால் தூங்காதபடி பவர் ஆப்ஷன்ஸில் மாற்றுங்கள். டிவைஸ் மேனேஜரில் லான் கார்டின் பவர் மேனேஜ்மென்ட் தாவலுக்குப் போய், மின்சாரம் மிச்சப்படுத்த இதை அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். வைஃபை வேண்டாம், கேபிள். பேட்டரி இல்லாத மடிக்கணினி என்பதால் இன்வெர்ட்டர் பிளக்.

எக்ஸ்பியின் தேதி 2002 என்று காட்டுகிறதா? மதர்போர்டில் இருக்கும் சிஆர் 2032 பட்டன் பேட்டரி தீர்ந்துவிட்டது. கடிகாரம் இப்படி வருடக்கணக்கில் பின்தங்கினால், சரியான கடவுச்சொல்லையும் எதிர்க் கணினி மறுக்கலாம். பேட்டரியை மாற்றி, பயாஸில் தேதியைத் திருத்துங்கள்.

எக்ஸ்பிக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்ரல் 8-லும், விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-லும் நின்றுவிட்டன. இரண்டும் வீட்டுக்குள் ஃபைல் பரிமாறினால் போதும், வெளியே போகத் தேவையில்லை. நிலையான முகவரி கொடுக்கும் அதே பெட்டியில் முகவரியை நிரப்புங்கள், சப்நெட் மாஸ்க் 255.255.255.0 என்று நிரப்புங்கள், டிஃபால்ட் கேட்வே கட்டத்தை மட்டும் காலியாக விட்டு ஓகே கொடுங்கள். மகன் பத்திரிகையை வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டுமென்றால் தன் லேப்டாப்பிலிருந்து அனுப்பிக்கொள்ளட்டும்.